தோன்றல், திரிதல், கெடுதல்



தமிழ் இலக்கணத்தைப் பாடசாலையிலே படித்த எவருக்கும் மறவாத சொற்கள் மூன்று உண்டு. தோன்றல், திரிதல், கெடுதல் என்பன அவை. இரண்டு சொற்கள் ஒன்றோடொன்று சேரும்போது இடையிலே ஓர் எழுத்துப் புதிதாக வந்தால் அது தோன்றல். இருந்த எழுத்து வேறோர் எழுத்தாக மாறினால் அது திரிதல். இருந்த எழுத்து இல்லாமற் போனால் அது கெடுதல். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் விகாரத்தை இப்படி மூன்றாக வகுத்தார். வாழையும் பழமும் சேர்ந்து வாழைப்பழம் ஆகும்போது ஒரு பகர மெய் தோன்றுகின்றது. பொன்னும் குடமும் பொற்குடம் ஆகும்போது னகரம் றகரமாகத் திரிகின்றது. மரமும் வேரும் மரவேர் ஆகும்போது மகரம் கெடுகின்றது. ஒன்பதாந் தரத்துப் பிள்ளைகூட இதைத் தூக்கத்திலே சொல்லும்.

இன்றைய உரையிலே இந்த மூன்று சொற்களையும் வகுப்பறைக்கு வெளியே, அடுக்களைக்குக் கொண்டு போகலாம் என்று நினைக்கின்றேன். ஒரு தானிய மணி எடுத்துக்கொள்ளுங்கள். அது முளைவிடும்போது தோன்றல் நிகழ்கின்றது. திரிகையிலே உடைபட்டு, சாடியிலே புளித்து, வேறொன்றாக மாறும்போது திரிதல் நிகழ்கின்றது. மாறிய அந்தப் பொருள் ஒரு குடும்பத்தைக் குலைக்கும்போது நிகழ்வது கெடுதல். வீட்டிலே தானியம் அரைப்பது, அதிலிருந்து குடிவகை செய்வது ஆகிய இரண்டும் நமது பழைய இலக்கியத்திலே அடுத்தடுத்து நிற்கின்றன. நமது வாழ்க்கையிலும் அப்படித்தான் நிற்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசக் கூசி, பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போவது எளிது. ஆனால் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கின்றது.

முதலிலே திரிகை என்ற சொல்லைப் பார்ப்போம். திரி என்ற வினைக்குச் சுற்றுதல் என்பது ஒரு பொருள். ஊர் சுற்றுகிறவனைத் திரிகின்றான் என்கிறோம். நிலைமாறுதல் என்பது இன்னொரு பொருள். பால் கெட்டுப்போனால் பால் திரிந்துவிட்டது என்கிறோம். சுற்றியே மாற்றுகின்ற கருவிக்குத் திரிகை என்பதை விடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. பேச்சிலே அதைத் திருகை என்றும் சொல்வார்கள்.

வட்டமான இரண்டு கற்கள். கீழ்க்கல் அசையாது, மேற்கல் சுற்றும். மேற்கல்லின் நடுவிலே தானியம் இடுவதற்கு ஒரு துளை. ஓரத்திலே பிடித்துச் சுற்ற ஒரு தடி. கீழ்க்கல்லின் நடுவிலே நாட்டிய குச்சிக்கு முளை என்று பெயர். தானியத்திலே விடுவதும் முளை. கல்லிலே நிற்பதும் முளை.

இந்தக் கருவியைப் பற்றிய பழைய எழுத்துச் சான்று ஒன்று எங்கள் திருகோணமலைப் பகுதியோடு தொடர்புடையது. 1660ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாவிலே, மூதூர்ப் பக்கத்திலே, கப்பலிலிருந்து கரையிறங்கிய ஆங்கிலேயர் சிலரைக் கண்டி மன்னனின் ஆட்கள் பிடித்துச் சென்றார்கள். அவர்களுள் ஒருவர் றொபேட் நொக்ஸ் என்ற இளைஞர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டிலே காவலில் இருந்து, 1679இலே தப்பிச் சென்று, 1681இலே இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்த நூலிலே குரக்கனைப் பற்றிச் சொல்கின்றார். கடுகு போன்ற சிறிய மணி என்கின்றார். அதை அரைக்கின்ற திரிகையையும் சொல்கின்றார்: இரண்டு வட்டக் கற்கள், தடியொன்றின் உதவியோடு கையாலே சுற்றப்படுபவை. முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் அந்நியர் எழுதிய அந்த விவரம், எங்கள் அம்மம்மாவின் வீட்டுத் தாழ்வாரத்திலே கிடந்த கல்லுக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்.

அந்தத் திரிகையிலே நான் சிறுவயதிலே கண்ட ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். குரக்கனை மாவாக அரைக்கும்போது அம்மம்மா கற்களை அப்படியே விட்டு அரைப்பார். உழுந்தையோ பயற்றையோ பருப்பாக உடைக்கும்போது மட்டும், மேற்கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, முளையைச் சுற்றி ஒரு துணிச்சுருளை வளையம் போல வைப்பார். பிறகு மேற்கல்லை இறக்குவார். அந்தத் துணியின் கனத்துக்குக் கல் உயர்ந்து நிற்கும். இடைவெளி கூடும். பயறு மாவாகாமல் இரண்டாகப் பிளந்து, தோல் கழன்று விழும். துணி கனத்தால் முழுப்பயறு அப்படியே வெளியே வரும். துணி மெலிந்தால் குருணல் கூடும். எத்தனை சுற்றுத் துணி என்பதை அவருடைய விரல் அறியும். அளவுகோல் ஏதும் இல்லை. திரிகையைத் திருத்தி அமைப்பது என்ற கலை முழுவதும் அந்தத் துணிச்சுருளுக்குள்ளே இருக்கின்றது என்று நான் பின்னாளிலே உணர்ந்தேன். அதை உணரச் செய்தது ஓர் இரும்புத் திரிகை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இனி இலக்கியத்துக்கு வருவோம்.

பத்துப்பாட்டிலே ஒன்று பெரும்பாணாற்றுப்படை. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். 500 அடிகள் கொண்ட இந்தப் பாட்டை, பத்துப்பாட்டு முழுவதோடும் நச்சினார்க்கினியர் உரையோடும், உ.வே. சாமிநாதையர் 1889இலே அச்சிட்டுத் தந்தார். வறுமைப்பட்ட பாணன் ஒருவனுக்கு வழி சொல்வதாக அமைந்த பாட்டு இது. எந்த வழியாகப் போனால் எந்தக் குடியிருப்பு வரும், அங்கே உனக்கு உண்ண என்ன கிடைக்கும் என்று புலவர் சொல்லிக்கொண்டே போகின்றார். ஆகவே இது ஒரு நாட்டின் உணவுப் பட்டியலும் ஆகிவிடுகின்றது.

முல்லை நிலத்து ஊரொன்றிலே வீட்டு முற்றத்தைக் காட்டுகின்றார். பெண்யானைக் கூட்டம் நிற்பது போலத் தானியக் குதிர்கள் நிற்கின்றன. பந்தலின் கீழே திரிமரம் கிடக்கின்றது. திரிமரம் என்றால் மரத்தாலே செய்த திரிகை. வரகு முதலியவற்றைத் திரிப்பதற்கு உரியது. அதன் பருமனுக்கு ஆண்யானையின் காலை உவமை சொல்கின்றார். முல்லை நிலத்து மனிதனின் செல்வம் பொன்னாலே அளக்கப்படவில்லை. குதிராலும் திரிகையாலும் அளக்கப்படுகின்றது என்பதை இந்த இரண்டு யானைகளும் சொல்லிவிடுகின்றன.

அதே பாட்டிலே, இன்னும் சற்றுத் தூரம் நடந்தால், வலைஞர் குடியிருப்பு வருகின்றது. அங்கே பாணனுக்குக் கிடைப்பது சுட்ட மீனும் வீட்டிலே விளைவித்த கள்ளும். நமக்கு வியப்பூட்டுவது, அந்தக் கள்ளைச் செய்கின்ற முறையைப் புலவர் படிப்படியாகச் சொல்வதுதான். நன்றாகக் குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றார்கள். அகன்ற வாயையுடைய தட்டிலே கொட்டி ஆற வைக்கின்றார்கள். நல்ல நெல்முளையை இடித்து அதிலே கலக்கின்றார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய விடுகின்றார்கள். வலிய வாயையுடைய சாடியிலே அது முற்ற விளைகின்றது. பின்னர் விரலாலே அலைத்துப் பிழிந்து எடுக்கின்றார்கள். இதே பாட்டிலே வேறோர் இடத்திலே, வீட்டிலே சமைக்கும் கள்ளைத் தோப்பி என்ற பெயராலும் குறிக்கின்றார். ஆகவே வீட்டுக் கள் என்பது நமக்கு அயலான செய்தி அன்று. அதற்குத் தமிழிலே தனிப் பெயரே இருந்திருக்கின்றது. அந்த நெல்முளைக்கு அவர் சொல்லும் உவமையை நான் மிகவும் மதிக்கின்றேன். புற்றுக்குள்ளே கறையான் கட்டுகின்ற குரும்பியைப் போன்றது என்கின்றார். நெல்லை முளைக்க வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மெல்லிய வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, துளைகள் நிறைந்த அடைபோலக் கிடக்கும். இது கேள்வியறிவாலே எழுதிய உவமை அன்று. கண்டவருடைய உவமை.

விஞ்ஞானம் இந்தப் படிகளைப் பற்றி என்ன சொல்கின்றது? தானியம் முளைக்கும்போது அதற்குள்ளே அமிலேசு என்ற நொதியம் தோன்றுகின்றது. அது மாப்பொருளை இனிப்பான வெல்லங்களாக மாற்றுகின்றது. முளைவிட்ட வாற்கோதுமையிலிருந்து இந்த நொதியத்தைப் பாயன், பெர்சோ என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் 1833இலே பிரித்தெடுத்தார்கள். அந்த இனிப்பை மதுவம் என்ற நுண்ணுயிர் அற்ககோலாக மாற்றுகின்றது என்பதை லூயி பாஸ்ரர் 1850களின் பிற்பகுதியிலே தொடங்கிய ஆய்வுகளாலே நிலைநாட்டினார். வலைஞர் வீட்டுப் பெண்ணுக்கு இந்தப் பெயர்கள் தெரியா. ஆனால் கொதிக்கின்ற களியிலே முளையைக் கலந்தால் ஒன்றும் விளையாது என்பது தெரியும். கொதிசூட்டிலே நொதியம் செத்துவிடும். அதனாலேதான் புலவர் அகன்ற தட்டையும் ஆற வைத்தலையும் மறக்காமற் சொல்கின்றார். கவிதைக்கு அணியாக வந்த சொல் அன்று அது. செய்முறைக்கு இன்றியமையாத சொல்.

சில ஆண்டுகளுக்கு முன், உயர்தர வகுப்பிலே இந்தப் பகுதியை எடுத்து விளக்கிக்கொண்டிருந்தேன். பையன்கள் சிலர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கள் என்ற சொல் வந்தாற் சிரிப்பு வருவது வழக்கம். பின் வாங்கிலே இருந்த ஒரு மாணவி சிரிக்கவில்லை. எழுந்து கேட்டாள்: "சேர், அந்த முளையை இடிச்சது ஆர்? குடிச்ச ஆக்களா, அவையின்ர வீட்டுப் பொம்பிளையளா?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்தப் பிள்ளையின் வீட்டு நிலைமையை அறிந்தவர்கள் அந்த வகுப்பிலே பலர் இருந்தார்கள். நானும் அறிந்திருந்தேன். புலவர் அதைச் சொல்லவில்லை, பிள்ளை, என்றேன். ஆனால் அடுக்களையும் உரலும் உலக்கையும் யாருடைய கையிலே இருந்தன என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும் என்றேன். அவள் தலையை அசைத்துவிட்டு இருந்தாள். இரண்டாயிரம் அடி உரை படித்தவர்களுக்கும் தோன்றாத கேள்வி அது. அந்தக் கேள்வி கேட்கப்பட்ட பிறகு, அந்த அடிகளை வெறும் சுவையான செய்தியாக என்னாலே படிப்பிக்க முடியவில்லை.

இப்போது அந்த இரும்புத் திரிகைக்கு வருகிறேன். கனடாவிலே ரொறன்ரோவுக்கு அண்மையிலே வாழும் என் ஒன்றுவிட்ட அண்ணர் ஒருவர் வீட்டிலேயே பியர் செய்து பழகுகின்றவர். அந்த நாட்டிலே தன் வீட்டுத் தேவைக்கு ஒருவர் பியர் செய்வது சட்டத்துக்கு உட்பட்டது. அமெரிக்காவிலும் 1978இலே ஜனாதிபதி காட்டர் கையொப்பமிட்ட சட்டம் ஒன்று அதற்கு வழிவிட்டது. வயதுவந்தோர் இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கலன் என்று அளவும் வைத்தது. ஆனால் காய்ச்சி வடிப்பதற்கு அந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. கனடாவிலும் உரிமம் இல்லாமல் வடிக்க முடியாது. இந்த வேறுபாட்டை நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள்.

தென்னமெரிக்காவிலே கொலம்பியா நாட்டிலே, சோளம் அரைப்பதற்கென்று செய்யப்படுகின்ற கொரோனா என்ற வார்ப்பிரும்புத் திரிகையை அங்குள்ள பலர் வாங்கி, முளைவிட்ட வாற்கோதுமையை உடைப்பதற்குத் திருத்தி அமைக்கின்றார்கள். அண்ணரும் அப்படித்தான் செய்தார். தொலைபேசியிலே அவர் விளக்கியதை உங்களுக்குச் சொல்கின்றேன்.

அந்தத் திரிகையிலே கற்களுக்குப் பதிலாகப் பல்லுப்போட்ட இரண்டு இரும்புத் தட்டுகள். ஒன்று அசையாது, ஒன்று கைபிடியோடு சுற்றும். பின்னாலே இருக்கின்ற ஒரு திருகாணி சுற்றுந் தட்டை முன்னே தள்ளும். இறுக்கினால் மா, தளர்த்தினால் குருணல். பியருக்கு மா உதவாது. உமி முழுமையாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் மணி மட்டும் சில துண்டுகளாக உடைய வேண்டும். ஏனென்றால் வெந்நீரிலே ஊறவைத்துச் சாற்றை வடிக்கும்போது அந்த உமியே வடிகட்டியாக நிற்கின்றது. எல்லாம் மாவாகிவிட்டால் பசையாகி அடைத்துக்கொள்ளும், சாறு இறங்காது. ஆகவே தட்டுகளுக்கிடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். வங்கி அட்டை முக்கால் மில்லிமீற்றர் கனம் உள்ளது. அதைத் தட்டுகளுக்கிடையே விட்டுப் பார்த்து இடைவெளியை மட்டுக்கட்டுவார்களாம்.

கரைச்சல் எங்கே வருகின்றது என்றால், தட்டுகள் தளம்புகின்றன. ஒரு பக்கம் நெருங்கி, மறுபக்கம் அகன்று சுற்றுகின்றன. அதனால் ஒரு பிடி மாவாகின்றது, ஒரு பிடி உடையாமலே வருகின்றது. இதைத் திருத்துவதற்கு, தட்டின் பின்பக்கத்திலே வாசர்களை வைத்துத் தளம்பலைச் சரிசெய்கின்றார்கள். மேடான இடத்தை அரத்தாலே உராய்கின்றார்கள். சுற்றச் சுற்றத் தளருகின்ற சிறிய திருகாணியைக் கழற்றிவிட்டு, நீண்ட போல்ற் ஒன்றைப் போட்டு, பூட்டுச் சுரையாலே அசையாமல் இறுக்குகின்றார்கள். தானியம் இடும் வாய் சிறிதென்பதால், பெரிய பிளாஸ்ரிக் போத்தலின் அடியை வெட்டிக் கவிழ்த்துப் பொருத்துகின்றார்கள். கைபிடிக்குப் பதிலாக ஒரு போல்ற்றைப் பூட்டி, மின்சாரத் துளைகருவியாலே மெதுவாகச் சுற்றுகின்றவர்களும் உண்டு. வேகமாகச் சுற்றினால் உமி நொறுங்கி மா கூடிவிடும். புதிய திரிகையானால் முதலிலே சில பிடி அரிசியை அரைத்து வீசிவிட வேண்டும். இரும்புத்தூள் அதோடு போய்விடும்.

அண்ணர் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது எனக்கு அம்மம்மாவின் துணிச்சுருள் நினைவுக்கு வந்தது. "அண்ணை, இது பயறு உடைக்கிற வேலைதானே" என்றேன். மறுமுனையிலே கொஞ்சநேரம் சத்தமில்லை. "ஓமடா, அதுதான். துணிக்குப் பதிலா நான் வாசர் வைச்சிருக்கிறன்" என்று சிரித்தார். வாசர், போல்ற், பூட்டுச் சுரை எல்லாவற்றின் வேலையும், முளையிலே சுற்றிய ஒரு முழத் துணியின் வேலைதான். அந்தத் துணியை வைத்த கைகள் பொறியியல் படித்தவை அல்ல. அவற்றுக்கு நாம் ஒரு பெயரும் வைக்கவில்லை.

இதுவரை தோன்றலும் திரிதலும் பார்த்தோம். இனிக் கெடுதல்.

சங்க நூல்களிலே கள், நறவு, தேறல், தோப்பி என்று பல பெயர்கள் வருகின்றன. தேறல் என்றால் தெளிந்தது என்று பொருள். அடிமண்டியை இறுத்துத் தெளிவாக எடுத்தது. காய்ச்சி ஆவியாக்கி வடித்தது என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. புளிக்க வைத்த குடிவகைக்கு இயற்கையிலேயே ஒரு வரம்பு உண்டு. அற்ககோல் ஓர் அளவுக்கு மேலே போனதும் அதை உண்டாக்கிய மதுவமே செத்துப்போகும். தானே விளைவித்ததிலே தானே அடங்கிவிடுகின்றது. வடிக்கின்ற வாலை அந்த வரம்பை உடைக்கின்றது. தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே, 78 பாகை செல்சியசிலே, அற்ககோல் ஆவியாகிவிடும். அதைக் குளிரவைத்துத் திரும்பத் திரும்பச் சேர்த்தாற் கடுமை ஏறிக்கொண்டே போகும். வாலை என்ற கருவியை நமது சித்த மருத்துவர்களும் கையாண்டார்கள். ஓமத்தீநீர் போன்ற மருந்துகள் அப்படி வடிக்கப்பட்டவை. மருந்துக்கு வைத்த வாலை வேறு வழியிலே போனபோது அதற்குக் கசிப்பு என்று பெயர் வந்தது.

கசிப்பு என்றால் நேயர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இலங்கையிலே 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் அனுமதி இல்லாத உற்பத்தியைக் குற்றமாக்கியது. அதே காலத்திலே தவறணைகள் பெருகுவதை எதிர்த்துத் தென்னிலங்கையிலே மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. சேனநாயக்க சகோதரர்கள் அதிலே முன்னின்றார்கள். சட்டம் வந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், பற்றைக் காட்டுக்குள்ளும் ஆற்றங்கரையிலும் பீப்பாக்கள் பிடிபட்ட செய்தி பத்திரிகையிலே வராத மாதம் இல்லை. தமிழ்நாட்டிலே கள்ளக்குறிச்சியில் 2024 யூன் மாதத்திலே, மெதனோல் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் அன்றாடக் கூலிக்காரர்கள். மெதனோல் கண்ணையும் நரம்பையும் முதலிலே தாக்குகின்றது. மறுநாட் காலையிலே கண் தெரியவில்லை என்று சொன்ன கணவனைக் கையைப் பிடித்து நடத்திச் செல்கின்ற பெண்ணை நினைத்துப் பாருங்கள். என் மாணவியின் கேள்விக்கு அது இன்னொரு விடை.

இலக்கியம் இந்த விடயத்திலே ஒரே குரலிலே பேசவில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதியமான் தன்னிடம் இருந்த கள்ளை எப்படிப் பகிர்ந்து தந்தான் என்று நினைத்து ஔவையார் அழுகின்ற பாட்டுப் புறநானூற்றிலே இருக்கின்றது. நட்பின் உச்சம் அது. திருவள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். 93ஆம் அதிகாரம். அங்கே அவர் குடிகாரனின் முன்னே பெற்ற தாயின் முகத்தை நிறுத்துகின்றார். எதையும் பொறுக்கின்றவளுக்கே அது பொறுக்கவில்லையென்றால் மற்றவர்களுக்கு எப்படி என்பது அவர் கேள்வி. இந்த இரண்டிலே ஒன்றைப் படித்து மற்றதை மறைப்பது நேர்மையான ஆசிரியத் தொழில் ஆகாது. பழந்தமிழர் குடித்தார்கள், ஆகவே நாமும் குடிக்கலாம் என்று சொல்பவரும், வெட்கப்பட்டு அந்த அடிகளை விட்டுவிட்டுப் போகின்றவரும், ஒரே தவறையே செய்கின்றார்கள். இருவரும் அந்த அடிகளுக்குள்ளே இருக்கின்ற அறிவைக் காணவில்லை.

அந்த அறிவு எது? தானியத்தை முளைக்க வைத்தால் அதன் இயல்பு மாறும் என்ற அறிவு. அது சாடிக்குப் போக வேண்டுமென்று கட்டாயம் இல்லை. பாதி வழியிலே நின்றால் அது குழந்தையின் கோப்பைக்குப் போகின்றது.

குரக்கனை ஊறவைத்து, துணியிலே கட்டி முளைக்க வைத்து, நன்றாக வெயிலிலே காயவைத்து, வறுத்து மாவாக்கி, பச்சைப் பிள்ளைக்குக் கூழ் காய்ச்சுவது நமது பெண்களுக்குத் தெரிந்த வேலை. இதன் சிறப்பைப் பிற்காலத்து ஊட்டச்சத்து ஆய்வுகள் விளக்கின. சாதாரண மாவிலே காய்ச்சிய கூழ் தடித்துவிடும். பிள்ளை விழுங்க வேண்டுமென்று தண்ணீர் ஊற்றினால் சத்துக் குறைந்துவிடும். பிள்ளையின் வயிறு சிறியது, தண்ணீராலே நிறைந்துவிடும். ஆனால், அதிகம் வறுபடாத முளைமாவிலே ஒரு கரண்டியைக் காய்ச்சிய கூழிலே, கொதி தணிந்து சூடாக இருக்கும்போது கலந்தால், அதிலிருக்கும் அமிலேசு மாப்பொருளை உடைத்து, தண்ணீர் சேர்க்காமலே கூழை இளக வைக்கும். கலந்தபின் மீண்டும் ஒரு கொதி காட்டிவிடலாம். ஒவ்வொரு கரண்டியிலும் சத்து மிகும். கடியலூர்க் கவிஞர் கண்ட அதே நெல்முளையின் வேலைதான் இது. அங்கே இரண்டு பகல் இரண்டு இரவு. இங்கே அடுப்பிலிருந்து இறக்கிய சில நிமிடங்கள். இடையிலே உள்ள தூரந்தான் தோப்பிக்கும் தாய்க்கூழுக்கும் உள்ள தூரம்.

எங்கள் துறைமுகத்துக்கு வருகின்றவர்கள் சீனக்குடாவிலே நிற்கின்ற பிரிமா மா ஆலையைக் காணாமற் போக முடியாது. 1980இலே இயங்கத் தொடங்கிய அந்த ஆலைக்குக் கடல் கடந்து கோதுமை வருகின்றது. இலங்கை மண்ணிலே கோதுமை விளைவதில்லை. பாணும் றொட்டியும் நமது காலை உணவாகியபோது திரிகை தாழ்வாரத்துக்குப் போயிற்று. பிறகு கோடிப்புறத்துக்குப் போயிற்று. 1990இலே நாங்கள் இடம்பெயர்ந்தபோது எதை எதையோ தூக்கிக்கொண்டு ஓடினோம். திரிகையை யாரும் தூக்கவில்லை. ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தபோது கூரை இல்லை, கதவு நிலை இல்லை. கல் மட்டும் பூண்டுகளுக்கு நடுவிலே கிடந்தது. முளை உக்கிப்போயிருந்தது. 2022இலே பொருளாதார நெருக்கடி வந்து கோதுமை மாவின் விலை ஏறியபோது, எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு வீடுகளிலே திரிகையைக் கழுவி எடுத்தார்கள். புதிய முளை செதுக்கிப் போட்டார்கள். ஆனால் பயறு உடைப்பதற்குத் துணி எவ்வளவு சுற்றுவது என்பதை அறிய ஒரு கிழவியைத் தேடிப் போக வேண்டியிருந்தது. கல் இருக்கின்றது, கையறிவு போய்க்கொண்டிருக்கின்றது.

நேயர்களே, கருவிக்குக் குற்றம் இல்லை. திரிகையின் வாயை எவ்வளவு திறந்து வைக்கின்றோம், அதிலிருந்து வருவதை எந்தப் பாத்திரத்திலே ஏந்துகின்றோம் என்பதிலேதான் எல்லாம் இருக்கின்றது. ரொறன்ரோவிலே அண்ணர் வாசர் வைப்பதும், கொட்டியாரத்திலே ஒருத்தி துணி சுற்றுவதும் ஒரே அறிவு. அந்த அறிவை நாம் வகுப்பறையிலே பேச வேண்டும். பாட்டிலே வருகின்ற கள்ளைப் பார்த்துச் சிரிக்கின்ற பையனுக்கு, அந்தக் களியை ஆற வைத்தவளைக் காட்ட வேண்டும். சிரிக்காமல் இருக்கின்ற பிள்ளைக்கு, அவளுடைய கேள்வி இலக்கியத்துக்கு உரிய கேள்விதான் என்று சொல்ல வேண்டும்.

இலக்கணத்திலே கெடுதல் என்பது அழிவு அன்று என்பதை முடிவாக நினைவுபடுத்துகின்றேன். மரமும் வேரும் சேரும்போது இடையிலே நின்ற ஓர் எழுத்து விலகிப் போகின்றது. சொல் முன்னையிலும் செறிவாகின்றது. நமது வீடுகளிலும் விலக வேண்டியது ஒன்று உண்டு. அது விலகட்டும். முளையும் திரிகையும் அவற்றை அறிந்த கையும் நிலைக்கட்டும். மரவேரிலே கெட்டது மகரந்தான், வேர் கெடவில்லை.